ஸ்டோரு முழுக்கக் கேக்குது

மலிவு விலையில் சிடி பிளேயர் வாங்கப் போகிறவர்கள் என்னைத் துணைக்கு அழைப்பது எங்கள் பக்கத்தில் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன் என்பதற்காக அல்ல. எனக்கு நல்ல காது என்று பெயர். போன மாதம் தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் வந்தார். பழைய பக்திப் பாட்டு சிடிகளை எறிய மனமில்லை, போட்டுக் கேட்க மலிவாக ஒரு பெட்டி வேண்டும் என்றார். இருவரும் பஸ் ஏறிப் பலாங்கொடைக்குப் போனோம்.

கடைப் பையன் ஒரு பெட்டியைப் பிரித்தான். தன்னிடமிருந்த ஒரு குத்துப்பாட்டைப் போட்டு, சத்தத்தை உள்ள மட்டும் ஏற்றி, பேஸ் என்று எழுதியிருந்த பொத்தானையும் அழுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"எப்புடி சேர்? நெஞ்சுல அடிக்குதுல்ல?"

எனக்குக் கோபம் வந்தது. எல்லாக் கடையிலும் இதே வித்தைதான். சத்தத்தில் குறை தெரியாது. பேஸ் பொத்தானை அழுத்தினால் தகரமும் தவில் மாதிரித்தான் கேட்கும். சத்தத்தைக் குறைத்து, ஓர் ஆள் தனியாகப் பாடும் பாட்டைப் போடச் சொன்னேன். குறைத்ததும் பாட்டின் சொற்கள் கரைந்துபோயின. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் வருகிற இடைவெளியில், சட்டியில் எண்ணெய் காய்வது போல ஓர் இரைச்சல். மறுபடி கொஞ்சம் ஏற்றச் சொன்னேன்; மூடி நடுங்கியது. கொடுக்கிற காசுக்கு இது பெறாது என்றேன்.

"கோயிலுக்குத்தானே சேர், சத்தம் வந்தாப் போதும்" என்றார் கமிட்டிக்காரர்.

வாங்கிக்கொண்டு வந்தோம். நான் சொன்னதை அவர் கேட்கவில்லை என்ற கோபம் பஸ்ஸில் பாதி வழியிலேயே ஆறிவிட்டது. 'நெஞ்சுல அடிக்குது' என்று அந்தப் பையன் சொன்னதுதான் ஆறவில்லை. எனக்கு நல்ல காது என்ற பெயர் எப்படி வந்தது என்பதை இத்தனை காலமும் யாரிடமும் சொன்னதில்லை. அது பெருமையான கதை அல்ல.

என் அப்பா ஸ்டோரில் வேலை செய்தார். ஸ்டோர் என்றால் எங்கள் பேச்சில் தேயிலைத் தொழிற்சாலை. வாடிய கொழுந்தை அரைத்துச் சுருட்டும் ரோலர் இயந்திரங்களுக்கு நடுவில் அவர் நிற்க வேண்டும். அந்த அறைக்குள் இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் வாயைக் காதோடு ஒட்டித்தான் பேசலாம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் அங்கேதான். அந்த இரைச்சல் அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்திருந்தது. அம்மாவுக்கு அது தெரியும். அம்மாவின் தம்பியான மாமாவுக்கும் தெரியும். வெளியில் தெரிந்தால் ஸ்டோர் வேலை போய்விடும் என்பதால் இருவரும் அதை மூடி வைத்திருந்தார்கள். பேசுவதற்கு முன் அம்மா அவருடைய கையைத் தொடுவாள். நான் இரத்தினபுரியில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டு விடுமுறைக்கு மட்டும் வருகிறவன், எனக்குத் தெரியாது. கூப்பிட்டால் திரும்பாத, எதற்கும் உரத்துப் பதில் சொல்கிற, முரட்டு மனிதர் என்றே அவரை நினைத்திருந்தேன்.

இறக்குமதித் தடை நீங்கிக் கடைகளெல்லாம் வெளிநாட்டுச் சாமான்களால் நிரம்பிய காலம் அது. அப்பாவுக்கு ஒரு கேசட் ரேடியோ வாங்க ஆசை வந்தது. அந்த விடுமுறையில் அவரும் மாமாவும் நானும் பலாங்கொடைக் கடைத்தெருவுக்குப் போனோம். முதலாளி இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஒன்று சின்னது, கறுப்பு. அதில் பாடகியின் மூச்சுக்கூடக் கேட்டது. மற்றது பெரியது, மரம் மாதிரி வர்ணம் பூசிய உடம்பு, முன்னால் பெரிய வலை. அதில் மேளம் மட்டும்தான் மேளமாகக் கேட்டது; ஒவ்வோர் அடிக்கும் பெட்டியின் உடம்பு அதிர்ந்தது.

இரத்தினபுரியில் எங்கள் பக்கத்து வீடு தையற்கடை. அங்கே நாள் முழுவதும் ஒரு நல்ல ரேடியோ பாடும். அதைக் கேட்டே எனக்குச் சத்தத்தில் ருசி வந்திருந்தது. எங்கள் குடும்பத்தில் இதைச் சொல்லத் தகுதியுள்ளவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன்.

அப்பா முதலில் சின்னப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு பெரியதன் மேல் வைத்தார். அதன் மேலேயே வைத்திருந்தார். அவருடைய முகம் மெதுவாக மலர்ந்தது.

"அப்பா, இது கொடத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்குப்பா. சின்னதை வாங்குவோம்" என்றேன்.

அவர் திரும்பவில்லை.

"நியம சத்தே, நியம சத்தே" என்று முதலாளி சிங்களத்தில் பெரிய பெட்டியின் சத்தத்தை மெச்சினார். அது யாவாரப் பேச்சு என்று எனக்கே தெரிந்தது. மறுபடி சொல்ல வாயெடுத்தேன். மாமா என் தோளை அழுத்தினார்.

"ஒங்கப்பா காசு, ஒங்கப்பா பொட்டி. நீ சும்மா இரு, பெரிய வித்துவான்."

படித்த பிள்ளை ஒருவன் பக்கத்தில் நின்று நியாயம் சொல்கிறான். தகப்பன் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவமானத்தில் அல்ல, ஆத்திரத்தில். மலைப்பாதையில் அந்தப் பெரிய பெட்டியை மாமா தலையில் சுமந்து வர, நான் கூடவே வராமல் பின்தங்கி நடந்தேன்.

அதன் பிறகு, ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் கொண்ட எங்கள் லயத்தில் மாலைதோறும் பாட்டுத்தான். அப்பா வேலை முடிந்து குளித்துவிட்டுப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் மேல் கையை வைத்துக்கொள்வார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று புகழ்வார்கள். நான் ஒவ்வொருவரிடமும் போய், பாட்டில் ஒரு சொல்லாவது விளங்குகிறதா என்று கேட்டேன். ஒருவருக்கும் அக்கறையில்லை.

"அவருக்குப் புடிச்சிருக்கு. வுடுடா" என்றாள் அம்மா.

"புடிச்சா நல்லதுன்னு ஆயிருமா?"

அந்தக் கேள்வி இன்றைக்கும் சரியான கேள்விதான். பெட்டி மட்டமான பெட்டி. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. என் தொல்லையே அதுதான்.

அந்த விடுமுறையிலேயே ரோதமுனி பூசை வந்தது. ஸ்டோர் இயந்திரங்களில் யாருடைய கையும் காலும் அகப்படாமல் காப்பதற்காக எங்கள் ஆட்கள் கும்பிடும் சாமி ரோதமுனி. அன்றைக்கு இயந்திரங்களை நிறுத்திக் கழுவி, விபூதி பூசி, குங்குமப் பொட்டு வைப்பார்கள். வருடம் முழுவதும் இரைகிற அந்தக் கட்டடம் அன்று ஒருநாள் பேச்சுமூச்சில்லாமல் நிற்கும். பூசைக்குப் பாட்டுப் போட அப்பா தன் பெட்டியைக் கொடுத்திருந்தார். ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து, பார்த்துக்கொள்ளும் வேலையைப் படித்தவன் என்று என்னிடம் விட்டார்கள்.

அப்பா வெள்ளை வேட்டி கட்டி, அறையின் மறுகோடியில் தன் ரோலரின் அருகில் நின்றார். அங்கிருந்து அவருடைய கை பெட்டிக்கு எட்டாது. அவ்வளவு தூரத்தில் அவர் பாட்டைக் கவனிக்கவே மாட்டார், மற்றவர்களைப் பார்த்துத்தான் தலையாட்டுவார் என்று தோன்றியதும் எனக்கு அந்த யோசனை வந்தது. இந்த மனிதருக்குச் சத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதை எல்லோருக்கும் முன்னால் காட்டிவிட வேண்டும். பக்கத்தில் நின்ற லயத்துப் பிள்ளைகளிடம், பாட்டு கேட்பது போலவே தலையை ஆட்டச் சொன்னேன். அவர்களுக்கு அது விளையாட்டு. பிறகு பொத்தானைத் திருகிச் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டேன். கேசட் சுற்றுவது மட்டும் கண்ணாடி வழியே தெரிந்தது.

அப்பா என் பக்கம் பார்த்தார். நான் பெட்டியைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கையால் கேட்டேன். அவர் பிள்ளைகளின் தலைகளைப் பார்த்தார். தானும் தாளத்துக்குத் தலையை ஆட்டினார். அந்த நிசப்தத்தில், வழக்கம் போல உரத்த குரலில் சொன்னார்:

"நல்லா பாடுதுடா. ஸ்டோரு முழுக்கக் கேக்குது."

பிள்ளைகள் வெடித்துச் சிரித்தார்கள். பெரியவர்கள் சிலரும் சிரித்தார்கள். அப்பா அந்தச் சிரிப்பைத் தன் பாட்டுக்குக் கிடைத்த மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு தானும் சிரித்தார்.

சிரிக்காமல் நின்றவர் டீமேக்கர் ஒருவர்தான். ஸ்டோருக்குப் பொறுப்பான உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மெதுவாக நடந்து போய் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். அப்பா என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவனுக்குக் காது கேக்கிறேல்லையோ? எவ்வளவு காலமா?"

"சளிங்கய்யா. ரெண்டு நாளா காது அடைச்சிருக்கு" என்று மாமா முன்னால் ஓடி வந்தார்.

"பூசை முடியட்டும். பிறகு கதைப்பம்."

டீமேக்கர் போகிற வழியில் என்னருகில் நின்றார்.

"நீதான் சத்தத்தைக் குறைச்சனியோ?"

"ஆமாங்கய்யா."

"கெட்டிக்காரன்."

எனக்கு நல்ல காது என்று முதலில் சொல்லித் திரிந்தவரும் அவர்தான். 'கெட்டிக்காரன்' என்ற அந்த ஒரு சொல்லை லயத்துக்கு வந்து சேரும்வரை வாய்க்குள் வைத்து இனிப்பு மாதிரிச் சுவைத்தேன். மாமா என்னோடு பேசவில்லை. பொறாமை என்று நினைத்தேன்.

அப்பாவை ஸ்டோரிலிருந்து தேயிலை மலைக்கு மாற்றினார்கள். மழைக்குள் நின்று கான் என்கிற வடிகால் வெட்டுகிற வேலை. அட்டைக்கடியும் வழுக்குப் பாறையுமான இடம். காது கேட்காத ஆளை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பது ஆபத்து என்று காரணம் சொன்னார்கள். அது நியாயமான காரணம்தான் என்று பல வருடங்கள் நானும் நம்பினேன். இப்போது கேட்கிறேன்: அந்தக் காதை எடுத்தது யார்? ஒரு வாய்த் தேநீரை உறிஞ்சித் துப்பிவிட்டு, கொழுந்து எந்த மலையிலிருந்து வந்ததென்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு, கண்ணெதிரே ஒரு மனிதன் செவிடாகிக்கொண்டிருப்பது ஏன் தெரியவில்லை? காதில் அடைத்துக்கொள்ள ஒரு துண்டுப் பஞ்சாவது யாராவது கொடுத்தார்களா? இயந்திரத்துக்கு எண்ணெய் விட ஆள் இருந்தது. மனிதனைக் கேட்க ஆள் இல்லை. தேய்ந்த உறுப்பைக் கழற்றி எறிவது போல அவரை வெளியில் எறிந்தார்கள். அதற்கு வழிகாட்டிய கை என் கை.

அவரை மாற்றினார்கள் என்ற செய்தி வந்த அன்று அம்மா அடுப்படியில் உட்கார்ந்து என்னைக் கேட்டாள்.

"ஒனக்கு என்னடா கொறை வச்சாரு அந்த மனுசன்?"

"நான் பொய்யா சொன்னேன்? அவருக்குக் கேக்கலதானே?"

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

விடுமுறை முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. ஒரு மாலை அப்பா நனைந்து வந்தார். காலைக் கழுவிவிட்டு நேரே பெட்டியிடம் போனார். கையை வைப்பார் என்று பார்த்தேன். அதைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். அன்று அவருடைய குரல் உரத்து வரவில்லை.

"மாமாவக் கூட்டிட்டுப் போயி, நல்லா பாடுற பொட்டியா பாத்து மாத்திட்டு வா. நீ படிச்ச புள்ள. ஒனக்குத்தான் தெரியும்."

கடைசியில் நியாயம் வென்றுவிட்டது என்று நினைத்தேன். மாமாவோடு பலாங்கொடைக் கடைக்குப் போனேன். முதலாளி முனகினார், மாமா சிங்களத்தில் கெஞ்சிப் பேசி மாற்றிக் கொடுத்தார். முதல் நாளே நான் சொன்ன சின்னக் கறுப்புப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். அன்று மாலை அதில் பாட்டுப் போட்டபோது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. பாடகி மூச்சை இழுப்பது கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து, ஆமாம், இதுதான் பாட்டு என்றார்கள்.

அப்பா வந்து தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். சற்று அழுத்தினார். கையைப் பக்கவாட்டுக்கு நகர்த்தினார், பின்புறம் கொண்டுபோனார், மறுபடி மேலே வைத்தார். பாடகி அருமையாகப் பாடிக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கையை எடுத்துத் திருப்பி, உள்ளங்கையை வெகுநேரம் பார்த்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

நான் பெட்டியைத் தூக்கி விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். அதில் தூசி ஏதோ இருந்து அவர் கையில் ஒட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன்.