எடை அதிகம், ஒருவர் இறங்கவும்

சங்கு டீச்சருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஆலைச் சங்கு ஊதினால் ஊரே மணி பார்க்கும் அல்லவா, அதுபோல அவர் மழலையர் வகுப்பில் நின்று "எல்லாரும் உட்காருங்க" என்றால் எதிர்க் கடையில் நிற்பவர்கூட உட்கார இடம் தேடுவார். பிறந்த வீட்டில் அண்ணன் தம்பிகள் ஒரு பட்டாளம், கத்தினால்தான் சோறு. புகுந்த வீட்டிலோ கணவருக்குக் காது மந்தம். கல்யாணத்துக்குப் பிறகுதான் மந்தமானது என்று அந்த மனுஷன் சொல்லித் திரிவார், அதை நாம் நம்ப வேண்டியதில்லை. எது எப்படியோ, அந்தக் குரலை வைத்தே இத்தனை வருடமாகப் பிள்ளைகளை மேய்த்துவிட்டார் டீச்சர். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைக்க வந்து சேர்ந்தாள் சுண்டு. நான்கு வயது. சுண்டுவிரல் அளவுக்குப் பிறந்ததால் வீட்டில் அப்படிக் கூப்பிட்டார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை என்று அவள் அம்மா முதல் நாளே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள். சுண்டு யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்குவாள். சந்தோஷம் வந்தால் இரண்டு கைகளையும் படபடவென்று உதறுவாள். இதிலெல்லாம் டீச்சருக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஆனால் இவர் வாயைத் திறந்த மாத்திரத்தில் அவள் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துவிடுவாள். அங்கிருந்து, செய்தி வாசிப்பவரைப் போன்ற சுத்தத் தமிழில், எப்போதும் ஒரே பேச்சுதான் வரும்.

"எடை அதிகம். ஒருவர் இறங்கவும்."

"உங்களைப் பார்த்துத்தான் சொல்றா டீச்சர்" என்று ஆயா கேலி செய்வாள். டீச்சரும் தன் இடுப்பைத் தடவிக்கொண்டு சிரிப்பார். அர்த்தமில்லாத உளறல் என்று எல்லாரும் முடிவுகட்டியிருந்தார்கள். மேசைக்கு அடியிலிருந்து இவளை வெளியே இழுப்பதும், இவள் அலறுவதும், அதைக் கேட்டு மற்றதுகள் அலறுவதும், கடைசியில் இவளை வராந்தாவில் கொண்டுபோய் உட்கார வைப்பதும் தினப்படி கூத்தாயிற்று. ஒருநாள் தலைமை டீச்சர் கூப்பிட்டு, "நம்மால முடியலைங்க. வேற இடம் பார்த்துக்கச் சொல்லிடுங்க. நீங்க போய்ச் சொன்னா அந்தம்மா தாங்கிக்குவாங்க" என்றார்.

சங்கு டீச்சருக்கு மனசு வரவில்லை. ஏற்கெனவே வேறு பள்ளிகள் கைவிரித்த பிள்ளை. இங்கேயும் இல்லை என்றால் அந்தத் தாய் எந்தக் கதவைப் போய்த் தட்டுவாள்?

ஆனாலும் சாயங்காலம் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக்குப் போனார். லிஃப்ட்டில் ஆளும் பையுமாக ஒரே நெரிசல். இடித்துப் பிடித்து இவர் உள்ளே கால் வைத்ததும் கீச்சென்று ஒரு சத்தம். பிறகு கூரையிலிருந்து ஒரு பெண்குரல்.

"எடை அதிகம். ஒருவர் இறங்கவும்."

அதே பேச்சு, அதே நிதானம். எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். கடைசியாக ஏறியவர்தானே இறங்க வேண்டும்? இறங்கினார். லிஃப்ட் சுகமாக மேலே போயிற்று. இவர் மாடிப்படியைப் பிடித்தார். மூச்சு வாங்க வாங்க, விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக மண்டையில் ஏறியது. தாங்க முடியவில்லை, எதையாவது இறக்குங்கள் என்றுதான் பிள்ளை இத்தனை நாளும் சொல்லியிருக்கிறாள். தானாக வாக்கியம் கோக்க வராததால், தினமும் காதில் விழுவதிலிருந்து கச்சிதமான ஒன்றை எடுத்துச் சொல்லியிருக்கிறாள். நாமோ, ஒவ்வொரு தடவையும் அவளையே இறக்கிவிட்டிருக்கிறோம்.

கதவைத் திறந்த அம்மா, டீச்சரைப் பார்த்ததுமே கலங்கிப்போனாள். "அவ அந்த லிஃப்ட் பேச்சைச் சொல்றதை நிறுத்த வைக்கிறேன் டீச்சர். கண்டிச்சிட்டுத்தான் இருக்கேன். அனுப்பிடாதீங்க."

"கண்டிக்காதீங்கம்மா. அவ சொல்லட்டும். சரியாத்தான் சொல்றா, கேட்கத் தெரியாதது எங்களுக்கு" என்றார் டீச்சர். சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை. மறுநாள் தலைமை டீச்சரிடம், "மாசக் கடைசியில நீங்களே வந்து உட்கார்ந்து பாருங்க. அப்பவும் சரிப்படலைன்னா நான் போய்ச் சொல்றேன்" என்று தவணை வாங்கினார்.

அன்றைக்கே வகுப்பு லிஃப்ட் ஆனது. 'எடை அதிகம்' என்று யார் சொன்னாலும் ஏதாவது ஒன்று இறங்க வேண்டும், கடைசியாக ஏறியது முதலில் இறங்க வேண்டும். பாட்டுப்பெட்டி இறங்கியது. கடகடவென்று ஆடிய மின்விசிறி இறங்கியது. சுவரில் மினுக்கிய ஜிகினாத் தாள்கள் இறங்கின. எல்லாவற்றையும்விட, சங்கு இறங்கியது. அதுதான் பெரும்பாடு. டீச்சர் கையைக் காட்டிப் பேசப் பழகினார், பக்கத்தில் போய்க் குனிந்து சொல்லப் பழகினார். வீட்டில் கணவர், "உடம்பு சரியில்லையா? உதடுதான் அசையுது" என்று கவலைப்பட்டார். லிஃப்ட் கதையை எழுதிக் காட்டிய பிறகுதான் சமாதானமானார்.

பக்கத்தில் இருப்பவனைக் கடித்து வைக்கும் வாலு என்ற பையன், ஒருநாள் கடிக்காமல் "எடை அதிகம்" என்று கத்தினான். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. சுண்டு மேசைக்கு அடியில் போவதும் குறைந்தது. தானாக வெளியே வந்து டீச்சர் காலடியில் மூடிகளை அடுக்கத் தொடங்கினாள்.

மாசக் கடைசியில் தலைமை டீச்சர் வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? "எங்க, எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடுங்க" என்று கைதட்டினார். பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடின. தன் பிள்ளைகள் பாடுகிற பெருமையில் சங்கு டீச்சரும் தன்னை மறந்து பழைய குரலை அவிழ்த்துவிட்டார். சுண்டு காதைப் பொத்தினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

சுண்டு மேசைக்கு அடியில் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று சொன்னாள்.

"எடை அதிகம். ஒருவர் இறங்கவும்."

பாட்டு நின்றது. வாலு நேராகத் தலைமை டீச்சரிடம் போனான். "நீங்கதான் டீச்சர் கடைசியா ஏறுனீங்க. இறங்குங்க."

தலைமை டீச்சர் அவனைப் பார்த்தார், சுண்டுவைப் பார்த்தார், எழுந்து வெளியே போனார். சுண்டுவை வழக்கமாக உட்கார வைக்கும் அதே வராந்தாவில் போய் நின்றார். உள்ளே மூச்சுச் சத்தம் இல்லை. சுண்டு மெல்லக் காதிலிருந்து கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கதவைப் பார்த்து, லிஃப்ட் சொல்வதுபோலவே, "கதவு திறக்கிறது" என்றாள். இரண்டு கைகளையும் படபடவென்று உதறினாள். தலைமை டீச்சர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நுனிக்காலில் உள்ளே வந்தார்.

மதியம் வாசலில், வெளுத்த முகத்தோடு நின்ற அம்மாவிடம் அவரே பேசினார். "உங்க பொண்ணு இன்னைக்கு என்னையே வெளிய அனுப்பிட்டாம்மா. அவளை அனுப்பற எண்ணத்தை விட்டாச்சு. அடுத்த வருஷமும் இங்கதான்." அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சுண்டு அவள் கையைப் பிடித்து, வீட்டுக்குப் போகலாம் என்று இழுத்தாள்.

சங்கு டீச்சர் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். மாதம் முழுக்க அடக்கி வைத்திருந்த குரல் அத்தனையும் சேர்த்து, "நம்ம சுண்டு இங்கதான் படிக்கப் போறா" என்று போட்டார் பாருங்கள் ஒரு போடு, அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. கணவர் சிரித்துக்கொண்டே எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கி நின்றார்.