சர்க்கரை குறைந்த மனிதர்

கண்டிக்குப் பக்கத்தில் அக்குறணையில் எனக்குப் புடவைக்கடை. சுற்றுலா விசாவில் வந்து வீடு வீடாகச் சேலை விற்ற தமிழ்நாட்டுக்காரர் ஒருவரைப் பொலிஸில் தடுத்து வைத்திருந்தார்கள். அவர் பேசுவதைச் சிங்களத்தில் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் வியாபாரத்தைக் கெடுக்கிறவர் என்ற கடுப்போடுதான் போனேன்.

"சர்க்கரை கொறஞ்சிருச்சு பாய். கை நடுங்குது. சார்கிட்ட சொல்லுங்க" என்றார்.

நாங்கள் அந்த நோயைச் சீனி என்போம். எங்களுக்குச் சர்க்கரை என்றால் வெல்லம். ஆனாலும் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. டீவியில் எத்தனை தமிழ்நாட்டு நாடகம் பார்த்திருக்கிறேன். இருந்தும், "தேத்தண்ணிக்குச் சர்க்கரை காணாதாம்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

சார்ஜன் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு மணித்தியாலத்தில் அந்தச் சேலைக்காரர் கதிரையிலிருந்து சரிந்து விழுந்தார். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் மனம் கேட்காமல் பார்க்கப் போனேன். ஒரு கையைக் கட்டிலோடு விலங்கிட்டிருந்தார்கள். மற்றக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எடுத்துச் சொன்னதாலதான் பொழச்சேன் பாய்."

அவருக்குச் சிங்களம் தெரியாது.

"அல்லாஹ்தான் காப்பாத்தின" என்றேன். அதை என் அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.