நாற்றம் போன ஆறு

டோல்கேட் பக்கம் மார்க்கெட்டில் மீன் விற்கும் ஃப்ளோரன்ஸுக்கு மூக்குதான் சொத்து. செவுளைத் தூக்கி ஒரு தரம் மோந்தால் போதும், காலையில் பிடிபட்டதா, நேற்றைய ஐஸில் கிடந்ததா என்று சொல்லிவிடுவாள். பக்கத்துக் கடைக்காரிகள்கூடத் தங்கள் மீனை அவள் மூக்குக்கு நேரே நீட்டிக் கேட்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பிறந்தது ராயபுரம். இன்னாசியைக் கட்டிக்கொண்டு எண்ணூர் ஆற்றோரத்து நெட்டுக்குப்பத்துக்கு வந்தவள். அனல் மின் நிலையத்துச் சாம்பல் சோற்றில் விழுந்தது, வெந்நீர் ஆற்றில் வந்து கலந்தது, எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே பிழைத்தாள். ஆனால் ஒரு டிசம்பர் பெருமழையில் வந்தது வேறு. ஏதோ ஒரு கம்பெனி எண்ணெய் வெள்ளத்தோடு வெள்ளமாக ஆற்றில் இறங்கியது. படகு, வலை, அலையாத்திச் செடி, வீட்டு வாசற்படி, எல்லாம் தார் பூசினாற்போல் ஆனது. சிறகு ஒட்டிப்போன கூழைக்கடா ஒன்று பறக்க முடியாமல் கரையிலேயே உட்கார்ந்திருந்தது. இவ்வளவு பெரிய அநியாயத்தை அள்ள என்ன வந்தது தெரியுமா? பக்கெட்டும் மக்கும்.

அள்ளியதும் இதே குப்பத்து ஜனம்தான். இன்னாசி படகில் நின்று அள்ளினான், ஃப்ளோரன்ஸ் வாங்கி டிரம்மில் ஊற்றினாள். சாயங்காலம் உடம்பில் ஒட்டியதை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் செலின், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த வாடைக்குள்ளேயே கிடந்தாள். எல்லாருக்கும் தலைவலி, மூக்கெரிச்சல். போகப்போக எரிச்சல் நின்றது. அப்புறம் நாற்றமும் தெரியவில்லை.

“ஆத்துல நாத்தம் போச்சுபா” என்று குப்பமே பேசிக்கொண்டது. நிம்மதியாக வலையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

மார்க்கெட்டில்தான் வியாபாரம் படுத்துவிட்டது. வந்தவர்கள் மீனைத் தூக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, போட்டுவிட்டுப் போனார்கள். ஃப்ளோரன்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“டிவில ஆயிலு ஆயிலுன்னு பாத்துட்டு வந்து எங்க வவுத்துல அடிக்கிறியா? நானே மோந்து பாத்துதான் கொணாந்துகீறேன்!” என்று ஒருத்தியிடம் மல்லுக்கே நின்றாள்.

இதற்குள் செலினுக்குப் பெண் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்திருந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கிழங்கான் மீனில் பூண்டும் மிளகும் போட்டுப் பத்தியக் குழம்பு வைத்தால் பால் ஊறும் என்பார்கள். விற்காமல் திரும்பிய கிழங்கானையெல்லாம் ஃப்ளோரன்ஸ் மகளுக்கே ஆக்கிப்போட்டாள். ஒரு வேளை தவறவில்லை.

“வாய்க்கு ஒண்ணுமே தெரியலமா, சப்புனு கீது” என்றாள் செலின்.

“புள்ள பெத்த வாயி அப்டித்தான்டி இருக்கும். துன்னு.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மருமகன் ஜெரி குழந்தையைப் பார்க்க ராயபுரத்திலிருந்து வந்தான். அவனுக்கும் சோறு போட்டு அதே குழம்பை ஊற்றினாள். ஒரு வாய் வைத்தவன் தட்டிலேயே துப்பிவிட்டான்.

“இன்னா அத்த இது? டீசல் நாத்தம் அடிக்குது!”

“வெளாடாதீங்க மாப்ள. இந்த வூட்ல எல்லாரும் இதத்தான் துன்னுகினு கீறோம்.”

“வூடே நாறுது அத்த. வாசல்லயே கப்புனு அடிச்சுது. சொன்னா கோச்சுப்பீங்கன்னு கம்முனு வந்தேன். மெய்யாலுமே உங்களுக்குத் தெரியலயா?”

ஃப்ளோரன்ஸ் சட்டியின் மேல் குனிந்து மோந்தாள். டீசல் வாடை இல்லை. ஆனால் பூண்டு வாடையும் இல்லை, மிளகு வாடையும் இல்லை. ஓடிப்போய் அடுப்படியிலிருந்த மண்ணெண்ணெய் பாட்டிலைத் திறந்து ஆழமாக இழுத்தாள். தண்ணீரை மோந்த மாதிரி இருந்தது. செலினிடம் நீட்டினாள். அவளும் மோந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

ஃப்ளோரன்ஸுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆறு அப்படியேதான் நாறிக்கொண்டிருக்கிறது, குப்பத்து மூக்கெல்லாம் அல்லவா செத்துப்போயிருக்கிறது! அந்த எண்ணெயில் கிடந்த மீனைத் தன் கையாலேயே ஆக்கி, பெற்ற மகளுக்கு ஊட்டியிருக்கிறாள். ஐயோ, மாதாவே!

செலின் மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. ஃப்ளோரன்ஸ் பாய்ந்துபோய் அதை மார்பிலிருந்து பிரித்தெடுத்தாள். குழந்தை வீறிட்டது. தினமும் உச்சி மோந்து, பால் வாசம் வருதுடி என்று கொஞ்சிய குழந்தை. அந்த வாசமும் அவளாக நினைத்துக்கொண்டதுதான். அதை ஜெரியிடம் நீட்டினாள்.

“வாய மோந்து பாருங்க மாப்ள. எனுக்குத் தெரியாது. இந்த வூட்ல உங்களுக்குத்தான் தெரியும்.”

ஜெரி அழுகிற குழந்தையின் வாயருகே குனிந்தான். மறுபடியும் ஒரு தரம் மோந்தான்.

“இன்னா வாசன வருது? சொல்லுங்க மாப்ள!”

ஜெரி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தான்.

“துணிமணிய எடு செலின். ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”