ஐஸ் கடிக்கும் சத்தம்

ஐஸ் மாமா என்றால் தெருவுக்கே தெரியும். முப்பது வருஷம் ஐஸ் ஃபேக்டரியில் பாளம் அறுத்தவர். வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தாள், மகளும் கல்யாணமாகித் தூரமாய்ப் போனாள். மிஞ்சியது அவரும் கிழட்டு நாயும்தான். தினமும் மத்தியானம் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு ஐஸ் கட்டியைப் போடுவார். நாய் அதைக் கடக் முடக்கென்று கடிக்கும். அந்த வீட்டில் அவருக்கு அதுதான் பேச்சுத்துணை.

ஒருநாள் மகள் போனில் கத்தினாள்: "அப்பா, ஐஸ் குடுத்தா நாய்க்கு வயிறு உப்பி உயிரே போயிடுமாம்!"

பதறிப்போய் நாயைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரம்மாவிடம் ஓடினார்.

"அதெல்லாம் சும்மா சொல்றது பெரியவரே, ஐஸ் குடுக்கலாம். ஆனா இவன் பல்லைப் பாருங்க, ஒண்ணு விண்டிருக்கு. கட்டியாப் போடாம நொறுக்கிக் கொஞ்சமாப் போடுங்க."

"என் கதிதான் இவனுக்குமா?"

"உங்களுக்காவது கட்டுப்பல் இருக்கு!"

மறுநாள் துணியில் சுற்றிச் சுத்தியலால் நொறுக்கி வைத்தார். நாய் சத்தமில்லாமல் நக்கித் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டது. வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சற்று நேரம் பார்த்தவர், முழுக் கட்டி ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக் கடக்கென்று கடித்தார்.

நாய் காதை நிமிர்த்தி எழுந்து வந்து, அவர் காலடியில் உட்கார்ந்தது.