தமிழில் ஒட்டிய தாள்

பாசிக்குடாவின் உப்புக் காற்றுக்கு இரும்பு தாக்குப்பிடிக்காது. நான் வேலை செய்யும் ஹோட்டலில் துணி வண்டியின் சக்கரம், கொடிக் கம்பி, கொக்கி எல்லாம் கறள் பிடிக்கும். அந்தக் கறள் வெள்ளைப் படுக்கை விரிப்புகளில் இறங்கும். வருகிற வெள்ளைக்காரருக்கோ விரிப்பில் ஒரு மஞ்சள் புள்ளியைக் கண்டால் உயிர் போய்விடும். அதனால் சலவைப் பகுதியில் எங்களுக்குக் கறள் நீக்கி ஒரு போத்தல் தந்திருந்தார்கள். என் வலது கையின் இரண்டு விரல் நுனிகளைத் தின்றது அந்தத் திரவம்தான். திரவத்தை நான் மன்னித்துவிட்டேன், அதற்கு மூளை இல்லை. மனிதர்களை இன்னும் மன்னிக்கவில்லை.

போத்தலோடு, அதை எப்படிக் கையாள்வது என்று, செய்த கொம்பனியின் பாதுகாப்புத் தாளும் வந்திருந்தது. பக்கம் பக்கமாக ஆங்கிலம். அது தொங்கிய ஆணியில்தான் நாங்கள் குடைகளைக் கொழுவுவோம். ஹோட்டலின் பாதுகாப்பு அதிகாரி எங்கள் பக்கத்து மனிதர். நல்லவர், அதுதான் வினை. எங்கட சனத்துக்கு விளங்காத தாளை எதற்குத் தொங்கவிடுவது என்று மேலிடத்தோடு வாதாடினார். பிறகு போனில் தேடினார். போத்தலில் இருந்த அதே பெயரில் ஐந்தாறு தாள்கள் வந்தன. அதில் ஒன்று நல்ல தமிழில் இருந்தது. வேறொன்றையும் பார்க்காமல் அதை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் ஒட்டினார். ஆங்கிலத் தாள் அவருடைய மேசை லாச்சிக்குள் போனது.

எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. விளங்காத மொழியில் நீட்டியதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள் நாங்கள். வாசிக்க முடிந்த சந்தோசத்திலேயே வாசித்ததை நம்பிவிட்டோம். சிறு கறைக்குக் கையுறை தேவையில்லை, கையில் பட்டால் தண்ணீரில் கழுவினால் போதும் என்று அதில் இருந்தது. அது எங்கோ இன்னொரு கொம்பனி அதே பெயரில் விற்கும் இலேசான சாமானுக்கு எழுதியது என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அன்று மதியம் விரிப்பொன்றில் கறையைத் துடைக்கும்போது திரவம் என் விரல்களில் வழிந்தது. எரியவில்லை. தாளில் சொன்னபடி கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன். மாலையில் பஸ்ஸில் வரும்போது நோவு தொடங்கியது. வீட்டுக்கு வந்தபோது நகத்துக்குள் ஆணி இறக்குவது போல இருந்தது. இவர், என் கணவர், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அதிகாரிக்குச் சொன்னோம். மனிதர் உடனே உதவி செய்தார், அந்தத் தமிழ்த் தாளைப் படம் பிடித்து அனுப்பினார். டொக்டர் அதைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். தோல் கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். நோவுக்குக் குளிசை தந்து படுக்கச் சொன்னார். நான் கத்தக் கத்த, பிள்ளை பெற்றவளுக்கு விரல் நோவு ஒரு நோவா என்று தாதி கேட்டார். பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள். எலும்பு வேகிறது என்று சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். சிரித்த முகங்கள் ஒவ்வொன்றும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

காலையில் வேறொரு டொக்டர் வந்தார், இளம் பெண். விரல் நுனி சாம்பல் நிறமாகியிருந்தது. தாளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, போத்தலைக் கேட்டார். இவர் மோட்டார் சைக்கிளில் ஓடிப்போய் எடுத்துவந்தார். பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்ததும் டொக்டரின் முகம் மாறியது. கொம்பனியின் சொந்தத் தாளைப் போனில் எடுத்துப் போத்தலோடு ஒத்துப் பார்த்தார், கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரிக்கும் பேசினார். ஹைட்ரோபுளோரிக் அமிலம். முதலில் நோகாது, உள்ளே இறங்கிய பிறகுதான் நோகும். கல்சியம் ஊசியை விரலுக்குள்ளேயே ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் நோவு அடங்கியது. நுனிகள் அதற்கு முன்பே செத்துப்போயிருந்தன.

"பேரை மட்டும் பாத்து நம்பப்படா. செய்த கொம்பனி ஆரு, உள்ளுக்கு என்ன கிடக்கு, எப்ப எழுதினது, இதெல்லாம் போத்தலோட பொருந்தோணும்," என்று டொக்டர் இவரிடம் சொன்னார். இவர் தலையாட்டினார். விரல் நுனிகளை வெட்டுவதற்கு நாள் குறித்த பிறகு சொன்ன புத்தி அது.

வெட்டிய பிறகு அதிகாரி அப்பிள் பழங்களோடும் ஒரு கடதாசியோடும் வந்தார். பாதுகாப்புத் தாளை வாசித்து விளங்கிக்கொண்டேன், கையுறை போடாதது என் கவனக்குறைவு என்று அதில் இருந்தது. கையுறை தேவையில்லை என்று அவர் ஒட்டிய தாள்தான் சொன்னது என்றேன். அவருக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கடதாசியை மடிக்கவில்லை.

"விளங்கல்ல எண்டு மட்டும் சொல்ல ஏலா தங்கச்சி. தமிழிலதானே ஒட்டினனான்," என்றார்.

கையெழுத்துப் போட்டுக்கொடுத்தால் வேலை இருக்கும் என்றும் சொன்னார். எனக்கு வேலை வேண்டும். வலது கையில் கட்டு. உயர்தர வகுப்பு வரை தமிழில் படித்த நான் இடது பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினேன். அப்பிளை அவர் முன்னாலேயே குப்பைக் கூடையில் போட்டேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

புண் ஆறி வேலைக்குப் போனபோது சுவரில் தமிழ்த் தாள் இல்லை. இனிமேல் செய்த கொம்பனியின் தாள் மட்டும்தான் என்று ஹோட்டலில் உத்தரவாம். ஆங்கிலத் தாள் லாச்சியிலிருந்து திரும்பி வந்திருந்தது. சரியான தாள்தான், ஒரு எழுத்துப் பிழையில்லை. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றாள்.

"அக்கா, இதில என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டாள்.

நான் வலது கையை விரித்துக் காட்டினேன்.