புதன்கிழமைகளில் களமசேரி

களமசேரியில் பட்டம் முடித்ததும், வேலைக்குப் போகுமுன் ஒரு வருடம் சும்மா இருக்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். எங்கள் மட்டாஞ்சேரியில் யாரும் காரணமில்லாமல் சும்மா இருப்பதில்லை. அத்தா, அதாவது என் அப்பா, மிளகு வியாபாரி. மூட்டைக்குள் கைவிட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாதவர். "இருந்துக்கோ. இதுல ஒரு பொய் தெரிஞ்சா மறுநாளே ஆலுவாவுல மாமா கடைக்குப் போயிடணும்" என்றார்.

அம்மா முதல் வாரமே தொடங்கிவிட்டாள். "சப்ளி எத்தனைடா? எந்தப் பேப்பர்ல தோத்தே?"

"எதுலயும் தோக்கலம்மா."

"பின்னே எந்தினா வீட்டுல இருக்கே?"

மதிப்பெண் சான்றிதழைக் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

பத்தாம் வகுப்பிலிருந்தே நாட்குறிப்பு எழுதுகிறேன். கிழமை, மழை பிடித்த நேரம், போன இடம், படித்த புத்தகம். எல்லாம் நானாக எழுதப் பழகிய தமிழில். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம் என்றாலும், மலையாளப் பள்ளியில் படித்த அம்மாவுக்கும் அத்தாவுக்கும் தமிழ் எழுத்து தெரியாது. அந்தத் தைரியத்தில் மேசைமேலேயே வைத்திருப்பேன்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, புட்டை எடுத்து வைத்தபடியே அம்மா கேட்டாள்: "புதன்கிழமை தோறும் களமசேரிக்கு எதுக்குடா போறே?"

நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. நாட்குறிப்பில் மட்டும்தான் இருந்தது.

புட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டேன். மாலையில் சந்து முனைக்குத் துணி கொண்டுபோனபோது விஷயம் வெளிவந்தது. அங்கே துணி தேய்க்கும் அண்ணாச்சி தென்காசிக்காரர். "தம்பி, ஜூலையில ரெண்டு நாள் எழுதாம விட்டுட்டியளே, காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பக்கங்களைப் போனில் படம்பிடித்துக் கொண்டுபோய் அம்மா அவரை வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். "பொம்பளப் புள்ள பேரு வருதான்னு பாக்கச் சொன்னாவ. எல்லாம் மழையால்லா இருக்கு!"

கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா மறுக்கவில்லை. "அத்தா அறியறதுக்கு முன்னாடி நான் அறியணும். அப்பத்தான் உன்னை ஆலுவாவுக்கு அனுப்பாம நிறுத்த முடியும்."

"காலேஜ் லைப்ரரியில நாவல் படிக்கிறேன். அவ்வளவுதான்."

"போட்டுலயும் பஸ்ஸுலயும் ஏறிப் போய்க் கதை படிக்கிறியா?"

அடுத்த புதன் அவளும் வந்தாள். நூலக வராந்தாவில் உட்கார்ந்து, என்னிடம் யார் வருகிறார்கள் என்று நாலு மணிவரை கண்காணித்தாள். திரும்பும்போது, "ஒருத்தியும் வரலியேடா" என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

வீட்டில் அத்தா காத்திருந்தார். எங்கே போனோம் என்று கேட்டார்.

"களமசேரிக்கு. இவன் படிச்சான், நான் பார்த்துட்டு இருந்தேன்."

அத்தா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னமோ மறைக்கிறீங்க" என்றார்.

ஆனால் கைவிட்டுப் பார்க்க மூட்டை எதுவும் அகப்படவில்லை. அந்த வருடம் முடியும்வரை அவர் ஆலுவா பேச்சை எடுக்கவேயில்லை.