நாலை அழித்துப் போட்ட சுழியம்

என் கைப்பையின் அடியில் ஒரு ரப்பர் கிடக்கிறது. ஒரு மூலை மட்டும் தேய்ந்து மழுங்கிப்போனது. பை மாற்றும்போதெல்லாம் தூக்கிப் போட வேண்டும் என்று எடுப்பேன், போட்டதில்லை. அந்த மூலை தேயத் தொடங்கியது ரெட்டியார்பாளையத்துத் தையல் அக்காவின் தாளில்தான்.

அப்போது எனக்கு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை. சாவு விழுந்த வீட்டில் துக்கம் ஒருவருடைய அன்றாடத்தை எவ்வளவு முடக்குகிறது என்று பல தேசங்களில் ஒரே தாளை வைத்து அளந்தார்கள். பிரான்சிலிருந்து வந்த டாக்டர் அதை நடத்தினார். நாங்கள் அவரை மதாம் என்போம். ஒவ்வொரு கேள்விக்கும் சுழியம் முதல் நாலு வரை மதிப்பெண்: முடக்கமே இல்லையென்றால் சுழியம், முழு முடக்கம் என்றால் நாலு. கூட்டுத்தொகை ஒரு கோட்டைத் தாண்டினால் மனநல ஆலோசகர் அந்த வீட்டுக்கே போய்ப் பேசுவார். தாண்டாவிட்டால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

அக்காவின் ஒரே மகன் காய்ச்சலில் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. ரவிக்கை தைத்துக்கொண்டே பதில் சொன்னார். சமைக்கிறீர்களா? "சமைக்காம? இவரு சேதராப்பட்டுக்கு ஷிப்டுக்குப் போவணுமே." விசேஷங்களுக்குப் போக முடிகிறதா? "போறதில்ல தங்கச்சி." கோயில்? பண்டிகை? அதற்கும் இல்லை. மூன்று கேள்விக்கும் நாலு நாலாகப் போட்டேன். பிறகு அவரே சொன்னார்: "இன்னும் வருசம் திரும்பலைல்ல. போவக் கூடாது."

அடடா, இது வழக்கமல்லவா! சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு யார் கல்யாணத்துக்குப் போகிறார்கள், யார் பொங்கல் வைக்கிறார்கள்? இதையெல்லாம் முடக்கம் என்று எழுதினால் ஊரே நோயாளிதான். வெள்ளைக்காரர் தாளுக்கு இது எங்கே தெரியப்போகிறது என்று, பெரிய மேதாவி மாதிரி மூன்று நாலையும் அழித்துச் சுழியம் போட்டேன். கூட்டுத்தொகை கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. மதாமிடம் பெருமையாகச் சொன்னேன். அவரும் பாராட்டி, மற்றவர்களையும் அப்படியே செய்யச் சொன்னார்.

ஆய்வு முடிந்தது, மதாம் ஊருக்குப் போனார். அந்தப் பழக்கத்தில் என் ரவிக்கைகளை அக்காவிடமே தைக்கக் கொடுத்துவந்தேன். சொன்ன தேதி ஒருநாளும் தப்பியதில்லை. எப்போதும் சிரித்த முகம். மூன்று வருடம் கழித்து, போன தை மாதம், என் தங்கையின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோய் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். "நல்லாருக்கட்டும். ஆனா நான் வர முடியாது தங்கச்சி. இன்னும் வருசம் திரும்பல."

நான் விரல் விட்டு வருடங்களை எண்ணினேன். வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த அவர் கணவர் அங்கிருந்தே சொன்னார்: "மொத தெவசம் குடுத்தே ரெண்டு வருசத்துக்கு மேல ஆவுதும்மா. நான் படையல் போட்டேன், இவ வந்து நிக்கவே இல்ல. இவளுக்கு மட்டும் வருசம் திரும்ப மாட்டேங்குது."

அப்படியென்றால் அன்று நான் அழித்தது என்ன? வழக்கத்தையா, துக்கத்தையா? வேளைக்குச் சமைத்து, தைத்து, சிரிக்கிற ஒருவருக்கு நாலு எப்படிப் போடுவது? மூன்று வருடமாக ஒரு விசேஷத்துக்கும் படி தாண்டாதவருக்குச் சுழியம்தான் எப்படி? இன்றுவரை விளங்கவில்லை. ஆலோசகர் ஒருமுறை வந்து உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, அதுவும் தெரியவில்லை. அதைத் தடுத்தவள் நான் என்பது மட்டும் தெரியும். மனசு கேட்காமல் அங்கேயே கேட்டேன்: "அக்கா, போவக் கூடாதுன்னு போவலையா, போவ முடியாம போவலையா?"

மிஷின் பக்கம் போனவர் நின்றார். "இத அன்னிக்கே கேட்டிருக்கலாமே தங்கச்சி. நான் சொன்னதெல்லாம் எழுதி எழுதி அழிச்சியே, பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

நான்தான் அழுதேன். அவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ரப்பர் இன்னும் பையில்தான் இருக்கிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் யாருடைய சட்டைக்கோ துணி வெட்டிக்கொண்டிருந்தவர், நிமிராமலே, "எம் புள்ளைக்கும் முப்பத்தெட்டு அளவுதான்" என்றார். நான் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.